உப்பு எங்கே போச்சு, மாப்ள?

ஏனுங் மாப்ள, இந்தச் செமஸ்டர் உங்களுக்கு ‘வணிக நெறியும் நிலைத்த வளர்ச்சியும்’ங்கிற பேப்பரைக் குடுத்துட்டாங்களாமா? பைனான்ஸை எச்.ஓ.டி. எடுத்துக்கிட்டாரு, மார்க்கெட்டிங்கைச் சீனியர் அம்மிணி எடுத்துக்கிட்டாங்க, மிஞ்சுனதை என்ற மவன் தலையில கட்டிட்டாங்கன்னு உங்கம்மா போன்ல ஒரே வெசனம். நான் சொன்னேன், ஏம்புள்ள அழுவுற, தர்மம்னாலே கடேசியா வந்து சேந்தவன் தலையிலதான் விழும்னு. அதும் வெள்ளிக்கெழமை கடேசி பீரியடாமா. பசங்க ஊருக்குப் போக பையைக் கட்டி வச்சுக்கிட்டு ஒக்கோந்திருக்கிற நேரம். டைம்டேபிள் போட்டவரு நெம்ப விவரமான ஆளுங்க. தர்மத்தை எந்த எடத்துல வைக்கோணுமோ அந்த எடத்துலதான் வச்சிருக்காரு.

போன நோம்பிக்கு வந்தப்ப உங்க நோட்ஸைத் திண்ணையில மறந்து வச்சுட்டுப் போனீங்களே, முச்சூடும் படிச்சுப்போட்டேன். 1970ல மில்டன் ஃப்ரீட்மன், கம்பெனிக்குக் கடமைன்னு ஒண்ணு இருந்தா அது லாபம் சம்பாரிக்கிறதுதான்னு அமெரிக்கப் பத்திரிகையில எழுதுனாரு. 1987ல புருண்ட்லாண்ட் அம்மா தலைமையில ஒரு ஐ.நா. குழு, பின்னால வர்ற புள்ளைங்க பங்கைத் தின்னுபோடாம இன்னைக்குப் பொழைக்கிறதுதான் நிலைத்த வளர்ச்சின்னு சொல்லுச்சு. 1994ல ஜான் எல்கிங்டன், லாபக் கணக்கோட மனுசக் கணக்கு, மண்ணுக் கணக்குன்னு மூணு எழுதோணும்னாரு. அல்லாம் நல்ல பழமைதான். ஆனா இதை இப்படியே போர்டுல எழுதுனீங்கன்னா, பையன் போன்ல படம் புடிச்சுக்குவான். பரீச்சைக்கு முந்துன நாள் ராத்திரி தொறந்து பாத்து, மூணு கணக்குல ஒண்ணு எதுன்னு பக்கத்து ரூம்காரனைக் கேப்பான். அவனுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சேந்து ‘ஊழியர் நலன்’னு எழுதி வைப்பாங்க. நீங்களும் மார்க்கு போட்டிருவீங்க, ஏன்னா உங்களுக்கும் பேப்பர் திருத்துற காசு கட்டுக்கு இவ்வளவுன்னுதான் வருது.

எனக்குப் புடிச்ச பக்கம் எதுன்னு கேளுங்க. விருதுப் பக்கம். 2008 செப்டம்பர்ல, கம்பெனியை ஒழுங்கா நடத்துறதுல கெட்டிக்காரங்கன்னு சத்யம் கம்பெனிக்குத் தங்க மயில் விருது குடுத்தாங்க. 2009 ஜனவரி 7ஆம் தேதி அந்தக் கம்பெனித் தலைவரே, கணக்குல இருக்கிற காசுல பெரும்பகுதி இல்லவே இல்லைன்னு கடுதாசி எழுதிப்போட்டாரு. மயிலு தோகையை மடக்கறதுக்கு நாலு மாசம்கூட ஆகலை. 2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வேகன் கதை அதைவிட வேகம். டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைப் பட்டியல்ல கார் கம்பெனிகளுக்கெல்லாம் முன்னோடின்னு பேரு வாங்குன அதே மாசம், அமெரிக்காவுல மாட்டிக்கிட்டாங்க. சோதனை மேடையில வண்டி ஓடுனா புகையை அடக்குறது, ரோட்டுல எறங்குனா பழையபடி கக்குறது, அப்படி உள்ளுக்குள்ள ஒரு புரோகிராம் எழுதி வச்சிருந்தாங்க. இதை உங்க பசங்களுக்கு வெளக்கறதுக்கு நேரமே ஆகாது. சூப்பர்வைசர் திரும்புனா ஒரு மாதிரி, இந்தப் பக்கம் பாத்தா ஒரு மாதிரி இருக்கிறது அவங்களுக்குக் கைவந்த கலை. அவங்களுக்கு அது சிரிப்பா இருக்கும். உங்களுக்கும் சிரிப்பு வருதுன்னா, வகுப்பு அத்தோட முடிஞ்சுபோச்சு, வீட்டுக்குக் கெளம்புங்க.

கெளம்பலையா? அப்பச் செரி. சத்யம், ஃபோக்ஸ்வேகனையெல்லாம் அக்கட்ட வச்சுப்போட்டு, உங்க காலேஜுப் பசுமைக் கிளப்பு கதைக்கு வருவோம். போன வருசம் தொடங்குனீங்களே, அல்லாருக்கும் ஆளுக்கொரு டீ-சர்ட்டு. நெஞ்சுல பூமி உருண்டை, முதுகுல ‘பூமியைக் காப்போம்’. நெறம் என்னங்க? கரும்பச்சை. பசுமைக் கிளப்புக்குப் பச்சையைத் தவிர வேற என்ன எடுப்பாங்க! பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டத்துக்கு பிளெக்ஸ் கட்டுறதைப் பத்தி ஊரே பேசிச் சலிச்சுப்போச்சு, அதை நான் தொடப்போறதில்லை. நான் கேக்கறது, அந்தக் கரும்பச்சைக்கு எத்தனை உப்பு ஆச்சுன்னு.

முழிக்காதீங்க. பருத்தித் துணியையும் சாயத்தையும் ஒரே தண்ணியில போட்டா, ரெண்டும் ஒரே வகை மின்னூட்டத்தோட இருக்கிறதால ஒண்ணையொண்ணு தள்ளி விட்டுக்கும்னு என்ற பேரன் சொல்றான். அவன் டெக்ஸ்டைல் படிச்சவன், நான் அவனுக்குப் பீஸு கட்டுனவன், அதனால எனக்கும் கொஞ்சம் தெரியும். நடுவுல உப்பு போயித்தான் ரெண்டையும் சேத்து வைக்குது. சேத்து வச்சதும் உப்புக்குக் கல்யாணத் தரகன் கதிதான். பொண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில, தரகன் தெருவுல. போட்ட உப்புல ஒரு கல்லுகூடத் துணியில தங்காது, அத்தனையும் சாயத்தண்ணியோட வெளியில வந்துரும். வெளிர் நெறத்துக்குக் கம்மி, கறுப்பு, நேவி, கரும்பச்சைக்கு எச்சு. பழைய வின்ச்சு மெசின்ல அடர் நெறம் போட்டா, ஒரு கிலோ துணிக்கு அரைக்கிலோ உப்புக்குக் கொறையாது. அப்ப ஒரு டீ-சர்ட்டுக்கு ரெண்டு கை உப்புன்னு வைங்க. பூமியைக் காப்பாத்தறதுக்கு ஆளுக்கு ரெண்டு கை உப்பை எங்கேயோ கொட்டிப்போட்டுத்தான் உங்க கிளப்பு ஊர்வலம் போயிருக்குது.

அதனால மொத வகுப்புக்கு பவர்பாயிண்ட் வேண்டாங்க. பொட்டிக்கடையில ஒரு பாக்கெட்டு கல்லுப்பு வாங்கிட்டுப் போயி மேசை மேல கொட்டுங்க. ‘இது எங்கே போச்சு?’ அவ்வளவுதான் கேக்கோணும். கேட்டுப்போட்டு நாற்காலியில ஒக்கோந்துக்கோணும்.

எங்கே போச்சுன்னு உங்களுக்கே தெரியோணுமில்ல, அதுக்குத்தான் இந்தக் கெழவன் இருக்கேன். நொய்யலு வெள்ளியங்கிரி மலையில பொறக்குது. கோயமுத்தூரு, திருப்பூரு தாண்டி, எங்க காட்டுப் பக்கம் வந்து, கரூர்ச் சீமையில அதே பேர்ல இருக்கிற ஊருக்கிட்டக் காவேரியில சேருது. மழைக்கு வந்து மழையோட போற ஆறுதான், பெருசா பீத்திக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. இருந்தாலும் 1992ல ஒரத்துப்பாளையத்துல அணை கட்டி முடிச்சாங்க. தண்ணி தேங்குனா வாய்க்கால்ல வரும், கெணறு ஊறும், ரெண்டு போகம் எடுக்கலாம்னு ஆளாளுக்குக் கணக்குப் போட்டோம். அதே காலத்துல திருப்பூரு பனியன் வெளிநாட்டுக்குப் போயிப் பணமாக் கொட்டுச்சு. வெள்ளைப் பனியன் போயி கலர் கலராப் பனியன் வந்துச்சு. கலருன்னா சாயம், சாயம்னா உப்பு, உப்புன்னா நொய்யலு. தண்ணிக்குன்னு கட்டுன அணையில சாயத்தண்ணி வந்து படுத்துக்கிச்சு. நாட்டுல விவசாயின்னா அணையைத் தொறங்கன்னு போராடுவான். தொறந்துராதீங்க சாமின்னு கும்புட்டுக் கேட்டது நாங்கதான். தொறந்தா காடு கெடும், மூடி வச்சா சுத்தியிருக்கிற கெணறு கெடும். இதுல எது தேவலைன்னு உங்க எல்கிங்டன் ஐயா எழுதி வச்சிருக்காருங்களா?

அந்தத் தண்ணி எறங்குன கெணத்துல பருப்பு வேகாது. தென்னை குரும்பையோட நின்னுபோகும். ஆனா ஒண்ணு மாப்ள, உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொன்னதை நாங்க அச்சரம் பெசகாமக் காப்பாத்துனோம். எங்களுக்கு உப்பிட்டவங்களை நெனைச்சுக்கிட்டேதான் மெட்ராசுக்குப் பஸ் ஏறுனோம். 2003ல நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் ஹைகோர்ட்டுல வழக்குப் போட்டுச்சு. 1996லயே வேலூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்குல சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழியைப் போட்டு வச்சிருந்துச்சு. கெடுத்தவன் காசு குடுக்கோணும், கெடும்னு தெரிஞ்சா முன்னாடியே தடுக்கோணும். பாலாத்துக்காரங்க வாங்குன தீர்ப்பு நொய்யலாத்துக்காரங்களுக்கு ஒத்தாசை. உங்க புத்தகத்துல இதுக்கு ரெண்டு வரிதான் இருக்குது, ஃப்ரீட்மனுக்கு மூணு பக்கம். புத்தகம் எழுதுனவரு வீட்டுல கார்ப்பரேஷன் தண்ணி வருதாட்ட இருக்குது.

2006 டிசம்பர்ல ஹைகோர்ட்டு சொல்லுச்சு, 2007 சூலை 31க்குள்ள சாயத்தண்ணி ஒரு சொட்டு வெளியில வரக்கூடாதுன்னு. அதுவரைக்கும் விடுற தண்ணிக்கு லிட்டருக்கு ஆறு பைசா அபராதம், அப்பறம் எட்டு, அதுக்கப்பறம் பத்து. 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அதைச் செரின்னுருச்சு. இந்த ஆறு பைசா இருக்குது பாருங்க, உங்க பாடத்துல இருக்கிற தத்துவமெல்லாம் இதுக்குள்ள அடங்கியிருக்குது. கணக்கு போடுவோம், உங்களுக்கும் பைனான்ஸ் எடுத்த மாதிரி ஆச்சு. ஒரு கிலோ துணிக்குச் சலவையிலிருந்து சாயம் வரைக்கும் நூறு லிட்டர் தண்ணின்னு வச்சுக்குங்க. லிட்டருக்கு ஆறு பைசான்னா ஆறு ரூவா. கிலோவுக்கு அஞ்சு டீ-சர்ட்டு. அப்ப ஒரு டீ-சர்ட்டுக்கு ஒரு ரூவா இருவது பைசா. பத்து பைசான்னே போட்டாலும் ரெண்டு ரூவாதான். ஒரு ஆத்தோட வெலை, டீ-சர்ட்டுக்கு ஒரு டீக்காசுகூட இல்லை.

இப்ப ரெண்டாவது வகுப்பு. அஞ்சு பேரைக் கூப்பிட்டு முன்னால ஒக்கோர வைங்க. ஒருத்தன் வெளிநாட்டுப் பையர். ஒருத்தன் ஏற்றுமதிக் கம்பெனிக்காரன். ஒருத்தன் ஜாப் ஒர்க்குக்குச் சாயம் போடற பட்டறைக்காரன். ஒரு அம்மிணி பவர் டேபிள்ல தைக்கிறவ. இன்னொருத்தன் அதை வாங்கிப் போட்டுக்கிறவன். அந்த ஒரு ரூவா இருவது பைசாவை ஆரு குடுக்கறீங்கன்னு கேளுங்க. வேடிக்கை அதுக்கப்பறம்தான். பையர் சொல்லுவான், வங்கதேசத்துல இதைவிடக் கம்மியாத் தர்றான்னு. ஏற்றுமதிக்காரன் சொல்லுவான், பையர் பேசுன வெலையில எனக்கே ஒண்ணும் நிக்கலைன்னு. பட்டறைக்காரன் சொல்லுவான், கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி, அதையும் தொண்ணூறு நாள் கழிச்சுத் தர்றாங்கன்னு. தைக்கிற அம்மிணி ஒண்ணும் சொல்லமாட்டா, பீஸ் ரேட்டுக்காரிக்குப் பேசுனா அந்த நேரத்துக்குக் காசு போயிரும். வாங்கிப் போடறவன் ஆன்லைன்ல வெலை பாத்துக்கிட்டிருப்பான். கத்தட்டும், உடுங்க. கடேசியா அஞ்சு பேரும் ஒத்துமையா ஒரு முடிவுக்கு வருவாங்க, வகுப்புல இல்லாத ஆறாவது ஆளு தலையில கட்டிரலாம்னு. அப்ப பெல் அடிக்கும். ‘இதுதான் கண்ணுகளா நடந்தது’ன்னு சொல்லிப்போட்டு வாங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க.

ஒரு எச்சரிக்கை. பட்டறைக்காரனை வில்லனாக்கிப்போடாதீங்க மாப்ள. பசங்களுக்கு வில்லன் கெடைச்சுட்டா நிம்மதி, நாம நல்லவங்கன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. 2011 ஜனவரி 28ஆம் தேதி, சொன்ன சொல்லைக் காப்பாத்தலைன்னு ஹைகோர்ட்டு அத்தனை பட்டறையையும் மூடச் சொல்லிருச்சு. எழுநூறுக்கு மேல பட்டறை, அதோட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும். கரண்டைப் புடுங்குனாங்க. நாங்க ஜெயிச்சோம். ஜெயிச்ச அன்னைக்கு எங்க ஊர்ல வெடி வெடிக்க ஆளில்லைங்க. பாதி வீட்டுல செக்கிங்குக்கோ தைக்கவோ திருப்பூருக்குப் போறவங்க இருந்தாங்க. சாயம் போடத் துணி வெளி மாநிலத்துக்கு லாரியில போச்சு, அங்கயும் ஒரு ஆறு இருந்திருக்கும்ல? அப்பறம் அரசாங்கம் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூவா வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு. அஞ்சு பேரும் குடுக்கமாட்டேன்ன காசை, அந்த டீ-சர்ட்டைக் கண்ணுலயே பாக்காத கன்னியாகுமரிக்காரன் வரியிலிருந்தும் எடுத்துக் குடுத்த மாதிரி ஆச்சு. இதுக்கு உங்க புத்தகத்துல ஒரு பேரு இருக்கும், எனக்கு அது வேண்டாம்.

இன்னைக்குத் திருப்பூர்ல சாயத்தண்ணியைச் சவ்வுல வடிகட்டி, வடிகட்டுனது போக மிச்சத்தைக் கொதிக்க வச்சு ஆவியாக்கி, தண்ணியைத் திருப்பி எடுத்துக்கறாங்க. கொஞ்சம் உப்பையும் திருப்பி எடுத்துச் சாயத்துக்கே போடறாங்க. நாடு முழுக்க வந்து பாத்துட்டுப் போறாங்க, பாக்கோணும்தான், சாதாரண வேலையில்லை அது. என்ற பேரனே அப்படி ஒரு நிலையத்துலதான் சம்பளம் வாங்குறான், அந்தச் சம்பளத்துலதான் நான் மாத்திரை வாங்குறேன். ஆனா அவனையும் நான் உடறதில்லை. தெனமும் சோத்துல கை வைக்கிறப்பக் கேப்பேன், உப்பு எங்கே போச்சு பேராண்டின்னு. பாதி திரும்ப மெசினுக்குப் போச்சு தாத்தா, பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை கட்டி ஷெட்டுல இருக்குதுங்கிறான். ஷெட்டு ரொம்புனா? பேச்சில்லை. கொதிக்க வைக்கற பாய்லருக்கு வெறகு எந்தக் காட்டுது? ‘தாத்தா, ரசம் ஊத்தட்டுமா’ங்கிறான். உப்பை ஒழிக்க முடியாதுங்க மாப்ள. ஆத்துலிருந்து சாக்குக்கு மாத்தலாம், சாக்குலிருந்து வேற எங்கயாச்சும் மாத்தலாம். ஒவ்வொரு தடவை கை மாறுறப்பவும் ஆரு கைக்குப் போகுதுன்னு கேக்கறவன் ஒருத்தன் வேணும். அந்த ஒருத்தனைத்தான் நீங்க வெள்ளிக்கெழமை சாயந்திரத்துல உருவாக்கோணும்னு கவர்மென்ட்டு எதிர்பாக்குது. நல்லா எதிர்பாக்குது!

ரெண்டு சதவீதக் கதையையும் பாடத்துல வச்சிருக்கீங்க. 2013 கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவு. 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி லாபமோ இருக்கிற கம்பெனி, முந்துன மூணு வருசச் சராசரி லாபத்துல ரெண்டு சதவீதத்தை ஊருக்குச் செலவு பண்ணோணும். நல்ல சட்டம்தான், எங்க ஊருப் பள்ளிக்கூடத்துக்குக்கூட அதுல பெஞ்சு வந்துச்சு. பெஞ்சு முதுகுல கம்பெனி பேரு, பையன் சாஞ்சா சட்டையில அச்சுப் பதியிற அளவுக்குப் பெருசு. ரெண்டு சதவீதத்தைப் பத்தி எட்டு ஸ்லைடு போட்டிருக்கீங்க மாப்ள. மிச்சம் எப்படி வந்துச்சுன்னு ஒரு ஸ்லைடு போடுங்க.

இனிமேத்தான் முக்கியமான பழமை. உங்க வகுப்புப் பசங்கள்ல ஒருத்தன்கூடப் படிச்சு முடிச்சதும் எம்.டி. ஆகப்போறதில்லை. ஆனா உங்க கேஸ் ஸ்டடி அத்தனையும் ‘நீங்கள் இந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தால்’னு தொடங்குது. தலைவரா இருந்தா எவன் வேணும்னாலும் நல்லவனா இருப்பேன்னுதான் எழுதுவான், பேப்பருக்கு என்ன செலவு? அவன் போகப்போறது மெர்ச்சண்டைசர் வேலைக்கு, இல்லைன்னா ஆடிட்டுக்குப் பைல் ரெடி பண்ற வேலைக்கு. பையர்கிட்டயிருந்து மெயில் வரும், இந்த ஆர்டருக்கு மூணு சதவீதம் வெலை கொறைங்கன்னு. அதே மெயிலுக்குக் கீழ, உங்கள் நிறுவனத்தின் நிலைத்தன்மைக் கொள்கையை இணைப்பிலுள்ள படிவத்தில் நிரப்பவும்னு இன்னொரு வரி. ரெண்டுக்கும் அவன்தான் பதில் எழுதோணும். வெளிநாட்டுல இருந்து ஆடிட்டர் வர்றாருன்னா, முந்துன நாள் சாயந்திரம் மேனேஜர் கூப்பிட்டு, ஓவர்டைம் ரிஜிஸ்டரைக் கொஞ்சம் பாத்து எழுதிருப்பான்னு சொல்லுவாரு. கெட்ட மனுசனாச் சொல்லமாட்டாரு, டீ வாங்கிக் குடுத்துத்தான் சொல்லுவாரு. பையனுக்குப் படிப்புக் கடன் பாக்கி இருக்கும், அக்கா கல்யாணம் இருக்கும். அந்த எடத்துல எல்கிங்டனும் வரமாட்டாரு, நீங்களும் இருக்கமாட்டீங்க.

அவனுக்கு நான் ரெண்டு தந்திரம் சொல்றேன், வேணும்னா எழுதிக்குங்க. மொதல் தந்திரம், ‘செரிங்க சார், மெயில்ல போட்டுருங்க, பண்ணிப்போடறேன்’ங்கிறது. எதுத்துப் பேச வேண்டாம், தர்ம நியாயம் பேச வேண்டாம், மூஞ்சியில பணிவு கொறைய வேண்டாம். வாயில சொல்லச் சொல்ல இனிக்கிற காரியம், எழுத்துல போடோணும்னா மனுசனுக்குக் கை வராது. பாதிக் கெட்ட காரியம் அங்கயே நின்னுபோகும். ரெண்டாவது, வேலைக்குச் சேந்த மொத மாசத்துலயிருந்தே ஆறு மாசச் சோத்துக்குக் காசைத் தனியா எடுத்து வைக்கோணும். வேற வேலை தேடறதுக்கு நேரம் இருக்கிறவனுக்குத்தான் மாட்டேன்ங்கிற சொல்லு வாயில வரும். தவணையில வண்டி எடுத்தவன் தத்துவம் படிச்சிருந்தாலும் தலையாட்டுவான். இதை உங்க பாடத்திட்டக் குழு ஏத்துக்காது, தெரியும். ‘சேமிப்பு’ பைனான்ஸ் பேப்பர்ல வருதும்பாங்க.

ஆடிட்டு நாடகத்தைப் பத்திச் சொன்னா பசங்க நம்பமாட்டாங்கன்னு நெனைக்காதீங்க. உங்க காலேஜுக்குத் தரம் பாக்க நாக் குழு வந்தப்ப நான்தான் உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் வந்தேனே. பூந்தொட்டியெல்லாம் வாடகைன்னு தோட்டக்காரரே சொன்னாரு. லைப்ரரியில பசங்களை ஒக்கோர வச்சுப் படிக்கச் சொல்லியிருந்தாங்க, அவனுங்களும் புஸ்தகத்தைத் தலைகீழா வச்சுக்காம சமத்தா இருந்தானுங்க. அப்பறம், கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க, உங்க ஒரிஜினல் சர்டிபிகேட்டு இப்ப ஆரு பீரோவுல இருக்குது? பாஸ்புக்குல வர்ற சம்பளமும் கையில நிக்கற சம்பளமும் ஒண்ணுதானா? உங்கம்மா சொல்லலை, நானா யூகிச்சேன். நெறியைப் பத்திப் பாடம் எடுக்கறவரு சர்டிபிகேட்டைக் காலேஜு பூட்டுல உட்டுப்போட்டு எடுக்கறாருன்னு பசங்களுக்குத் தெரியுமுங்க. வாத்தியாரைப் பத்திப் பசங்களுக்குத் தெரியாத ரகசியம் எந்த ஊர்லயும் இல்லை. அதையே ஒரு கேஸ் ஸ்டடியா வைக்கச் சொல்லமாட்டேன், உங்களுக்கும் படிப்புக் கடன் பாக்கி இருக்குது. ஆனா நீங்க வகுப்புல நின்னு ‘நேர்மையே சிறந்த கொள்கை’ன்னு சொல்றப்பக் கடேசி பெஞ்சு சிரிச்சா, அடக்கமில்லாத பசங்கன்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க.

அந்தக் காலத்துல நாங்கெல்லாம் ஒழுங்கா இருந்தோம்னு பேசிக்கிட்டுத் திரியற கெழவனில்லை நான். எங்க காங்கேயம் பக்கம் கொரங்காடுன்னு மேய்ச்சல் காடு இருக்குது பாருங்க, கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. காட்டைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் மாடு மேஞ்சா மறுபக்கத்தைத் தழைய உட்டுருவோம். அதைப் பாக்க இப்ப ஆராய்ச்சிக்காரங்க வர்றாங்க, பாரம்பரிய அறிவு, நிலைத்த வளர்ச்சின்னு எழுதிக்கறாங்க. எங்கப்பனுக்கு அப்படி ஒரு வளர்ச்சி இருக்கறதே தெரியாது. ஒட்டக் கடிக்க உட்டா அடுத்த வருசம் அவரோட மாடு அவரு கண்ணு முன்னால எளைக்கும், பங்காளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் புல்லு பொழைச்சுது. ஆனா சாயப்பட்டறைக்காரன் உட்ட தண்ணி அவன் கெணத்துக்கு வரலை, ஆத்தோட கெழக்க போயிருச்சு. எங்க மூஞ்சியை அவன் பாத்ததில்லை, கோர்ட்டுலதான் மொதல்ல பாத்தான். அதனால பசங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஏற்றுமதிக் கம்பெனி ஏசி ஹாலுக்குக் கூட்டிப்போயி பிஸ்கட்டு தின்னுபோட்டுத் திரும்புறதுக்குப் பேரு இண்டஸ்ட்ரியல் விசிட்டுன்னா, அதுல பாதி நாளை ஒரத்துப்பாளையத்துக்கு ஒதுக்குங்க. மேக்க பட்டறையில ஒரு டம்ளர் தண்ணி, கெழக்க கெணத்துல ஒரு டம்ளர் தண்ணி, டீ.டி.எஸ். மீட்டரு இப்பச் செல்போன் கடையிலயே கெடைக்குது. ஆளுக்கொரு தடவை அளந்து பாக்கட்டும். 2,100ங்கிற நம்பரை மட்டும் சொல்லி வைங்க. கழிவுத் தண்ணியில லிட்டருக்கு அத்தனை மில்லிகிராமுக்கு மேல கரைஞ்ச உப்பு இருக்கக்கூடாதுன்னு விதி. மத்ததை மீட்டர் சொல்லும்.

பரீச்சைக்கு ஒரே கேள்வி போதுங்க. ‘நீ இப்பப் போட்டிருக்கிற சட்டைக்கு ஆரெல்லாம் காசு குடுத்தாங்க, ஆரெல்லாம் காசில்லாம விலை குடுத்தாங்க, ரெண்டு பக்கத்துக்கு எழுது.’ சாட்ஜிபிடிகிட்டக் கேட்டு எழுதுவானுங்கன்னு பயப்படாதீங்க, அதுக்கு அவன் போட்டிருக்கிற சட்டை தெரியாது. தையல்கூலி எவ்வளவுன்னு வீட்டுல அம்மாகிட்டப் போன் போட்டுக் கேட்டானா, அது காப்பி இல்லை, அதுக்கு எச்சா மார்க்குப் போடுங்க.

உங்க எச்.ஓ.டி. என்னைக் கெஸ்ட் லெக்சருக்குக் கூப்புடலாமான்னு கேட்டாராமா? வர்றேன். மைக்கு வேண்டாம், எனக்குத் தொண்டை போதும். பொன்னாடை போத்தாதீங்க, போத்துனா அதுக்கு எங்க சாயம் போட்டாங்கன்னு மேடையிலயே கேட்டுப்போடுவேன், அப்பறம் உங்க வேலை போயிரும். பஸ்ஸு காசு குடுத்தாப் போதும். வவுச்சர்ல மட்டும் என்ற கையில குடுத்த தொகையையே எழுதச் சொல்லிருங்க. கணக்குக்கு வேற தொகை எழுதிக்கறோங்க ஐயான்னு ஆபீசுல கேட்டாங்கன்னா, நான் தகராறெல்லாம் பண்ணமாட்டேன் மாப்ள. செரிங்க, மெயில்ல போட்டுருங்கம்பேன்.